செயற்கைக்கோள் மேலே போய்விட்டது, முனையம் எங்கே?

வாசகர் கேள்விகளும் விடைகளும்

சென்ற இதழில் இராணுவச் செயற்கைக்கோள்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்ததற்கு விடை எழுதும்போது, செயற்கைக்கோளை ஏவுவது பாதி வேலைதான் என்றும், அதனோடு பேசுகிற முனையங்களைச் செய்து முடிப்பது மீதிப் பாதி என்றும், பல சமயங்களில் அதுவே கடினமான பாதி என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் முனையங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவும் ஒருவகைச் செயற்கைக்கோள் முனையம்தானே? இராணுவத்துக்குச் செய்யும்போது மட்டும் ஏன் பத்தாண்டு, பதினைந்தாண்டு ஆகிறது? (கல்லூரி மாணவர், திருச்சி)

உங்கள் மாடியில் இருப்பது கேட்க மட்டுமே தெரிந்த கருவி. அது திருப்பிப் பேசுவதில்லை. இராணுவ முனையம் பேச வேண்டும், அதுவும் தான் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமல் பேச வேண்டும். வேறுபாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அணு ஆயுதப் போர் மூண்டாலும் அறுந்துவிடக் கூடாத தொடர்பு என்று அமெரிக்கா அமைத்திருக்கும் ஏ.இ.எச்.எஃப். என்ற செயற்கைக்கோள் தொகுதியை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து மேலே போகும் அலை 44 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும், மேலிருந்து கீழே வரும் அலை 20 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இருக்கின்றன. 44 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏழு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அலைநீளம் குறைந்தால், சிறிய ஆன்டெனாவைக் கொண்டே மிக மெல்லிய கற்றையை அனுப்ப முடியும். அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டிலிருந்து கிளம்பும் கற்றையின் அகலம் ஏறத்தாழ 0.8 பாகை; வானத்தில் முழுநிலவு நம் கண்ணுக்குத் தெரியும் அகலம் அரைப் பாகை. ஆகவே எதிரி அந்தக் கற்றைக்குள் வந்து ஒட்டுக்கேட்பது அரிதாகிறது. ஆனால் அதே காரணத்தால், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் செயற்கைக்கோளை, நிலவைவிடச் சற்றே பெரிய அந்த வட்டத்துக்குள் இமைப்பொழுதும் தவறாமல் பிடித்துவைத்திருக்க வேண்டிய வேலை ஆன்டெனாவின் தலையில் விழுகிறது. வீட்டு மாடியில் அதைச் செய்ய ஒரு ஸ்பேனர் போதும். சாய்ந்தும் குலுங்கியும் திரும்பியும் பறக்கிற ஒரு விமானத்தின் முதுகில் அதைச் செய்ய வேண்டுமானால், விமானத்தின் ஒவ்வொரு அசைவையும் அளந்து ஆன்டெனாவை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆன்டெனாவை மூடியிருக்கும் கூடும், காற்றைக் கிழிக்கும் வடிவத்தில் இருந்தாக வேண்டும். ஏழு மில்லிமீட்டர் அலையையும் அது சிதைக்கக் கூடாது.

அதற்கு மேல், அலை ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. எதிரி வேறு அலையைச் செலுத்தி அதை நெரித்துவிடாதபடி இடைவிடாமல் ஓர் அதிர்வெண்ணிலிருந்து இன்னோர் அதிர்வெண்ணுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. எந்த வரிசையில் தாவுவது என்பதைக் குறியாக்கம், அதாவது இரகசியச் சங்கேத முறை, தீர்மானிக்கிறது. செயற்கைக்கோளும் முனையமும் ஒரே நொடியின் ஒரே துணுக்கில் ஒரே இடத்துக்குத் தாவினால்தான் பேச்சு நடக்கும் என்பதால், இரண்டின் கடிகாரங்களும் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். குறியாக்கப் பகுதிக்கு அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்பு முகமையின் சான்று வேண்டும். அது கிடைக்கும் வரை, மற்ற எல்லாம் தயாராக இருந்தாலும் முனையத்தைப் பயன்படுத்த முடியாது. அணுகுண்டு வெடிப்பில் எழும் மின்காந்தத் துடிப்பைத் தாங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு இருக்கிறது. இந்த அதிர்வெண்களுக்கு மழை பெரும் பகை. உங்கள் வீட்டு டிஷ்ஷில் மழைக்குப் படம் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், 44 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

கேள்வி: அப்படிக் காலம் இழுத்த ஒரு திட்டத்தை உதாரணமாகச் சொல்ல முடியுமா? தவறு எங்கே நடந்தது? (ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புத் துறை ஊழியர், கோயம்புத்தூர்)

இதற்கு என்னிடம் கைவசம் இருக்கும் உதாரணம் ஃபேப்-டி. நேர்க்கோட்டுப் பார்வைக்கு அப்பாலும் இயங்கும் மேம்பட்ட முனையங்களின் குடும்பம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். குடும்பம் என்ற அந்தச் சொல்லில்தான் வினையே இருந்தது என்பது என் கருத்து.

2002 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படை இந்த வேலையை போயிங் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பி-52, பி-2 குண்டுவீச்சு விமானங்கள், ஆர்.சி.-135 உளவு விமானம், போர்க்காலத்தில் நாட்டின் தலைமை ஏறிக்கொள்ளும் இ-4பி, நீர்மூழ்கிகளுக்கு ஆணை அனுப்பும் கடற்படையின் இ-6பி, இவற்றோடு தரையில் இருக்கும் கட்டளை நிலையங்கள், இத்தனைக்கும் ஒரே அடிப்படையில் அமைந்த முனையம் வேண்டும் என்பது திட்டம். காகிதத்தில் பார்த்தால் இது சிக்கனம்: மென்பொருள் ஒன்று, உதிரிபாகம் ஒன்று, பயிற்சியும் ஒன்று. நடைமுறையிலோ, குண்டுவீச்சு விமானத்தின் இட நெருக்கடி, தரை நிலையத்தின் வசதி, குடியரசுத் தலைவரும் உயர் தளபதிகளும் ஒரே நேரத்தில் குரல்வழிக் கூடிப் பேச வேண்டும் என்ற தேவை ஆகிய எல்லாம் ஒரே பெட்டியின் மேல் வந்து அமர்ந்தன. ஊரார் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க ஒப்புக்கொண்ட தையற்காரரின் நிலை போயிங்குக்கு.

போயிங்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. முனையம் எந்தச் செயற்கைக்கோளோடு பேச வேண்டுமோ, அந்தச் செயற்கைக்கோளே அப்போது கட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏ.இ.எச்.எஃப். வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2010 ஆகஸ்ட் 14 அன்றுதான் ஏவப்பட்டது. அதுவும் மேலே போனபின் அதன் முதன்மை எஞ்சின் வேலை செய்யாமல், திசைதிருப்பலுக்கென்று வைத்திருந்த சிறிய உந்திகளைக் கொண்டே மெல்ல மெல்ல உயர்த்தப்பட்டு, தன் இடத்தை அடைய ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. அதுவரை முனையத்தைச் சோதிக்க ஆய்வகத்துப் போலிச் செயற்கைக்கோள்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இதற்கிடையில், ஏ.இ.எச்.எஃப். தொகுதிக்கு அடுத்ததாக வரவிருந்த டி-சாட் என்ற பெருந்திட்டத்தை 2009 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் கைவிட்டார். வருங்காலத்தில் அதனோடும் பேச வேண்டும் என்று மனத்தில் வைத்துப் போட்டிருந்த கணக்குகள் வீணாயின.

பத்தாண்டு ஓடியும் கையில் முனையம் வராத நிலையில், 2012இல் விமானப்படை மூன்று காரியங்கள் செய்தது. குண்டுவீச்சு விமானங்களுக்கான பகுதியை ஒதுக்கிவைத்து, கட்டளை நிலையங்களுக்கான முனையத்தை முதலில் முடிக்கச் சொன்னது. ஆன செலவைத் திருப்பித் தரும் வகையில் இருந்த போயிங்கின் ஒப்பந்தத்தை நிலைவிலை ஒப்பந்தமாக மாற்றியது. செப்டம்பரில் ரேதியான் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 7 கோடி டாலரில் இன்னொரு ஒப்பந்தம் கொடுத்து, அதே முனையத்தை நீயும் செய்துகாட்டு என்றது. ரேதியான் வெறுங்கையோடு வரவில்லை. கடற்படைக் கப்பல்களுக்கும் தரைப்படை வண்டிகளுக்கும் இதே செயற்கைக்கோள்களோடு பேசும் முனையங்களை அது ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. அந்த அனுபவத்தை எடுத்து இங்கே பயன்படுத்தியது. 2014 ஜூனில், பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த போயிங்கை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டுக்கும் குறைவாக அந்த வேலையில் இருந்த ரேதியானைத் தேர்ந்தெடுத்து, 29.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

தவறு எங்கே என்று கேட்டீர்கள். கடற்படை தன் முனையத்துக்கு 2003இலேயே இரண்டு நிறுவனங்களைப் போட்டியில் இறக்கி, 2007இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. தன் கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் என்ன வேண்டுமோ அதை மட்டும் கேட்டது. விமானப்படை வேலையை ஒரே நிறுவனத்திடம் விட்டது, பத்தாண்டு கழித்துத்தான் போட்டியைக் கொண்டுவந்தது. ஒரே வேலைக்கு இருவருக்குக் கூலி கொடுப்பது ஊதாரித்தனமாகத் தோன்றும். தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் அது மலிவாக முடிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: செயற்கைக்கோளுக்கும் முனையத்துக்கும் சேர்த்தே ஒரே தலைப்பில் பணம் ஒதுக்கிவிட்டால் இந்தக் குழப்பம் வராதல்லவா? அமெரிக்காவில் பணத்துக்கா பஞ்சம்? (வணிகவியல் ஆசிரியை, சேலம்)

பஞ்சம் பணத்துக்கு இல்லை அம்மா. பணம் வருகிற வழியில்தான் சிக்கல்.

செயற்கைக்கோளை வாங்குவது ஒரு படை; அதற்கான முனையங்களை வாங்குவது தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று தனித்தனியே பலர். ஒவ்வொருவருக்கும் தனி வரவுசெலவுத் தலைப்பு, தனி முன்னுரிமை. விமானப்படைத் தளபதியின் மேசையில் ஒரு பக்கம் புதிய போர்விமானத்துக்கான கோரிக்கையும் மறுபக்கம் பழைய விமானத்தில் புதிய ரேடியோப் பெட்டி பொருத்தும் கோரிக்கையும் இருந்தால், எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. செயற்கைக்கோளைப் பாதியில் நிறுத்தினால் ஊருக்கே தெரியும்; முனையத்தை ஓராண்டு தள்ளினால் யாருக்கும் தெரியாது.

அடுத்தது, அங்கே ஒதுக்கும் பணத்துக்கு நிறம் உண்டு என்றே பேசிக்கொள்வார்கள். ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் ஒதுக்கிய பணத்தை இரண்டு ஆண்டுக்குள்ளும், கொள்முதலுக்கு ஒதுக்கியதை மூன்று ஆண்டுக்குள்ளும், அன்றாடப் பராமரிப்புக்கு ஒதுக்கியதை அதே ஆண்டுக்குள்ளும் ஒப்பந்தங்களில் கட்டிவிட வேண்டும். ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குத் திட்ட அதிகாரி தன் விருப்பப்படி மாற்ற முடியாது. ஒரு முனையத்தின் மென்பொருள் ஆறு மாதம் பிந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திக்கு ஒதுக்கிய கொள்முதல் பணம் பெட்டியில் சும்மா இருக்கும். மென்பொருளை முடிக்கத் தேவையான மேம்பாட்டுப் பணமோ தீர்ந்துபோயிருக்கும். இந்தப் பையிலிருந்து எடுத்து அந்தப் பையில் போட அனுமதி வாங்குவதற்குள் அடுத்த நிதியாண்டு வந்துவிடும். அந்த நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் வரவுசெலவுச் சட்டம் நிறைவேறாமல் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. அப்படிப் போனால், சென்ற ஆண்டின் அளவிலேயே செலவைத் தொடர இடைக்கால அனுமதி தருவார்கள். புதிய திட்டங்களைத் தொடங்கவோ உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்டவோ அதில் இடமில்லை. முதல் முனையம் அந்த ஆண்டில்தான் உற்பத்திக்குப் போக வேண்டும் என்றிருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் வணிகவியல் சொல்லிக்கொடுக்கும் உங்களிடம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஆயிரம் இலைக்கு என்று சமையல் பேசிவிட்டு, கடைசியில் நூறு இலை போதும் என்றால், அரிசியும் காய்கறியும் குறையும். ஆனால் சமையற்காரர் கூலியும் பாத்திர வாடகையும் அப்படியேதான் நிற்கும், இலைக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு எகிறிவிடும். முனையங்களில் மேம்பாட்டுச் செலவு என்பது அந்தக் கூலியும் வாடகையும் போன்றது. அமெரிக்கச் சட்டத்தில், செனட்டர் சாம் நன், பிரதிநிதி டேவ் மெக்கர்டி ஆகிய இருவரின் பெயரால் 1982 முதல் ஒரு விதி இருக்கிறது. ஓர் அலகின் விலை அப்போதைய மதிப்பீட்டைவிட 25 விழுக்காடோ, முதல் மதிப்பீட்டைவிட 50 விழுக்காடோ கூடிவிட்டால், தேவையென்று பாதுகாப்பு அமைச்சர் எழுதிக்கொடுத்தாலொழிய அந்தத் திட்டம் முடிந்ததாகவே கருதப்படும். முப்படைகளுக்கும் பொதுவான ஜே.டி.ஆர்.எஸ். என்ற ரேடியோத் திட்டத்தில், தரைப்படை வண்டிகளுக்கென்று செய்துகொண்டிருந்த ரேடியோவின் எண்ணிக்கையைத் தரைப்படை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. குறைந்த எண்ணிக்கையால் ஓர் அலகின் விலை ஏறியது, ஏறிய விலை இந்த விதியில் போய் இடித்தது, 2011 அக்டோபரில் அந்த ரேடியோ கைவிடப்பட்டது. மிச்சப்படுத்தத் தொடங்கி முழுவதையும் இழந்த கதை.

கேள்வி: செயற்கைக்கோள் மேலே இருந்தும் முனையம் இல்லாமல் வீணான நிகழ்வு உண்மையிலேயே உண்டா, அல்லது இது மிகைப்படுத்தலா? (தூத்துக்குடி)

மிகையில்லை. அமெரிக்கக் கடற்படையின் மியூவோஸ் என்ற செயற்கைக்கோள் தொகுதியைப் பாருங்கள். கைப்பேசிக் கோபுரங்களின் தொழில்நுட்பத்தைச் செயற்கைக்கோளில் ஏற்றி, காட்டிலும் மலையிலும் நடந்துபோகும் சிப்பாய் முதுகுப்பை ரேடியோவிலிருந்து உலகின் எந்த மூலைக்கும் பேசலாம் என்பது அதன் நோக்கம். 700 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய திட்டம். முதல் செயற்கைக்கோள் 2012 பிப்ரவரியில் போனது, ஐந்தாவது 2016 ஜூனில். அந்தப் புதிய பேச்சுமுறை தெரிந்த ரேடியோக்களைத் தருவதாக இருந்தது மேலே சொன்ன அதே ஜே.டி.ஆர்.எஸ். திட்டம், அது தள்ளாடியதால் ரேடியோக்கள் வரவில்லை. முதல் செயற்கைக்கோளின் திறனில் 90 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாமல் கிடக்கும் என்று அமெரிக்கக் காங்கிரசின் தணிக்கை அலுவலகமே எழுதியது. ஒவ்வொரு மியூவோஸிலும் பழைய ரேடியோக்களுக்கான கருவித் தொகுதி ஒன்றையும் கூடவே வைத்திருந்தார்கள். நல்லவேளையாக அது உடனடியாகப் பயன்பட்டது. புதுவீடு கட்டி, வாசல் திண்ணையில் மட்டும் குடியிருந்தது போலத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. ஹாரிஸ் என்ற நிறுவனம் பி.ஆர்.சி.-117ஜி என்ற முதுகுப்பை ரேடியோவை அரசின் மேம்பாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தன் கைப்பணத்தில் உருவாக்கி விற்றுக்கொண்டிருந்தது. பின்னாளில் அதில் மென்பொருளை மாற்றியே மியூவோஸ் பேச வைத்துவிட்டார்கள். அரசு பணம் கொட்டிய இடத்தில் தாமதமானது, நிறுவனம் தன் பணத்தைப் போட்ட இடத்தில் வேகமாக முடிந்தது என்று இதிலிருந்து பொதுவிதி வகுத்துவிட வேண்டாம். அந்த ரேடியோவை வாங்கப் பல நாட்டுப் படைகள் இருந்தன. அணுப் போருக்கான ஃபேப்-டி முனையத்தை வாங்க உலகத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் உண்டு. எந்த நிறுவனமும் அதற்குக் கைப்பணம் போடாது.

கேள்வி: ஸ்டார்லிங்க் டிஷ் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. உக்ரைன் படைகள் அதை வைத்தே போரிட்டன. இனி இராணுவத்துக்கென்று தனி முனையம் எதற்கு? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

விலையிலிருந்து தொடங்குவோம். 2021 ஏப்ரலில், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்தை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் தலைவர் க்வின் ஷாட்வெல், ஒரு முனையத்தைச் செய்யத் தொடக்கத்தில் 3,000 டாலர் ஆனதாகவும் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும் சொன்னார். அப்போது வாடிக்கையாளரிடம் வாங்கிய விலை 499 டாலர். ஆக, அந்த மலிவுக்குப் பின்னால் நிறுவனம் தானே சுமந்த நட்டம் இருந்தது. மாதச் சந்தாவில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு இருந்தது. இலட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். உக்ரைனிலும் அந்தச் சுமை ஒருநாள் வெளியே வந்தது: 2022 அக்டோபரில், காலவரையின்றி இதற்குத் தாங்களே செலவழிக்க முடியாது என்று எலான் மஸ்க் சொன்னார், 2023 ஜூனில் உக்ரைனுக்கான சேவைக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தம் போட்டது. முனையம் மலிவாக இருந்தும், யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி தப்பவில்லை.

வணிக முனையத்தின் இன்னொரு முகத்தை அதே போரின் முதல் நாளில் பார்த்தோம். 2022 பிப்ரவரி 24 அதிகாலையில், வியாசாட் நிறுவனத்தின் கா-சாட் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையைப் பயன்படுத்திய பல்லாயிரம் மோடெம்கள் உக்ரைனிலும் ஐரோப்பாவிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. தாக்கியவர்கள் தரையில் இருக்கும் மேலாண்மை வலைக்குள் புகுந்து, மோடெம்களின் நினைவகத்தை அழிக்கும் கட்டளையை, முறையான கட்டளை போலவே அனுப்பிவிட்டார்கள். உக்ரைனுக்கு வெகு தொலைவில், ஜெர்மனியில் எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. காற்றாலைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன, அவற்றோடு பேசத்தான் வழியில்லை. மாற்று மோடெம்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பித்தான் நிலைமையைச் சரிசெய்தார்கள்.

எனவே என் விடை: அன்றாடப் பேச்சுக்கும் படத்துக்கும் வணிக முனையம் போதும், இராணுவங்கள் அதைத்தான் மேலும் மேலும் வாங்கப் போகின்றன. ஒரே ஒருமுறை, மிக மோசமான நாளில், சில வரிகள் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற இடத்துக்குத் தனி முனையம்தான் வேண்டும். ஏ.இ.எச்.எஃப். ஒரு பயனாளருக்குத் தரும் உச்ச வேகம் நொடிக்கு 8.192 மெகாபிட் மட்டுமே. உங்கள் வீட்டு இணையம் அதைவிட வேகமாக இருக்கும். ஆனால் அந்த வேகத்துக்காக யாரும் அதைக் கட்டவில்லை.

கேள்வி: இந்தியாவில் இதற்கான பணம் எப்படி வருகிறது? நம்மிடமும் இதே சிக்கல் உண்டா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை)

நம்முடைய இராணுவச் செயற்கைக்கோள்களின் வரிசை உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: கடற்படைக்கு 2013 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-7, விமானப்படைக்கு 2018 டிசம்பர் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஜிசாட்-7ஏ, கடற்படைக்கே இன்னும் பெரிதாக 2025 நவம்பர் 2 அன்று போன சி.எம்.எஸ்.-03. தரைப்படைக்கான ஜிசாட்-7பி செயற்கைக்கோளுக்கு 2023 மார்ச்சில் நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் போட்ட ஒப்பந்தம் 2,963 கோடி ரூபாய்.

தேர்வுக்கு இந்த எண்கள் உதவும். என்றாலும் இதில் எந்தத் தொகையும் ஒரு சிப்பாயின் கையில் இருக்கும் பெட்டிக்கானது அல்ல என்பதைப் பாருங்கள். பெட்டிக்கு வேறு வழிகள். டேராடூனில் டி.ஆர்.டி.ஓ.வின் பாதுகாப்பு மின்னணுப் பயன்பாட்டு ஆய்வகம் செயற்கைக்கோள் முனையங்களை வடிவமைக்கிறது, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் உற்பத்தி செய்கின்றன. தனியார் செய்வதாக இருந்தால், 2020ஆம் ஆண்டின் கொள்முதல் நடைமுறைப்படி இரண்டு பாதைகள் இருக்கின்றன. மேக்-1 பாதையில் முன்மாதிரிக்கு ஆகும் செலவில் 70 விழுக்காடு வரை, 250 கோடி ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், அரசு தருகிறது. மேக்-2 பாதையில் நிறுவனம் தன் பணத்தைப் போட்டு முன்மாதிரியைச் செய்ய வேண்டும். தேர்ந்தால் கொள்முதல் உண்டு. இவை தவிர, சிறு நிறுவனங்களுக்கென்று ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில், நம் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியின்போது தொடங்கப்பட்டது. அதன் அடிப்படைப் பிரிவில் முன்மாதிரிக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம் பெறலாம்.

ஒன்றரைக் கோடியில் ஒரு நல்ல மோடெம் பலகையையோ, நகராமலே கற்றையைத் திருப்பும் ஒரு தட்டை ஆன்டெனாவின் மாதிரியையோ செய்துகாட்டலாம். ஆனால் அதைப் போர்க்கப்பலின் அதிர்விலும் லடாக்கின் குளிரிலும் வைத்துச் சோதித்து, குறியாக்கச் சான்று வாங்கி, நூற்றுக்கணக்கில் உற்பத்தி செய்யும் தொழிற்கூடம் அமைப்பது வேறு அளவிலான காரியம். முன்மாதிரிக்கும் முதல் கொள்முதல் ஆணைக்கும் நடுவில் வரும் அந்த வறண்ட இரண்டு மூன்று ஆண்டுகளைத்தான் நம் சிறு நிறுவனங்கள் அஞ்ச வேண்டும். அமெரிக்கச் சிக்கல் ஒரே பெட்டியில் அளவுக்கு மேல் கேட்டதால் வந்தது. நம்முடைய சிக்கல் அந்த இடைக்காலத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பது.

கேள்வி: 2002இல் தொடங்கிய ஃபேப்-டி வேலை முடிந்துவிட்டதா? ஒதுக்கிவைத்த குண்டுவீச்சு விமானங்கள் என்ன ஆயின? (கோயம்புத்தூர் வாசகரே இணைப்பாகக் கேட்டது)

கட்டளை நிலையங்களுக்கான முனையங்கள் உற்பத்திக்குப் போய்விட்டன. விமானங்களின் பங்கை வேறு பெயரில் தனித் திட்டமாக்கி, 2023இல் அதே ரேதியானுக்கு 62.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அதில் பி-52, ஆர்.சி.-135 ஆகிய இரண்டு விமான வகைகள் மட்டுமே. பி-52 முதன்முதலில் பறந்தது 1952 ஏப்ரலில். கடைசி விமானம் தொழிற்சாலையை விட்டு வந்தது 1962இல். இப்போது சேவையில் இருக்கும் 76 விமானங்களுக்கும் எஞ்சினை மாற்றி, 2050களிலும் பறக்கவைப்பதாகத் திட்டம். முதுகில் புதிய ஆன்டெனாக் கூட்டைச் சுமக்கும் அந்த விமானத்துக்கும், அதைப் பொருத்தப் போகும் பொறியாளருக்கும் பெரிய வயது இடைவெளி இருக்கும், விமானம்தான் மூத்தது.